ஸ்பிரிங் ஏர் ரைபிளின் உதையைக் குறைத்து குரூப்பை இறுக்குவது எப்படி? பேரலில் கை வைக்காமல் ஒரு முழுமையான வழிகாட்டி

ஏர் ரைபிள் வாங்கிய புதிதில் பலரும் கேட்பது ஒன்றுதான்: "ரொம்ப உதைக்குது, பேரலைக் கொஞ்சம் வெட்டிடலாமா? முன்னாடி ஓட்டை போட்டா குறையுமாமே?" இரண்டும் வேண்டாம். குரூப் (அட்டையில் துளைகள் விழும் பரப்பு) விரிந்து குறி தவறுவதற்கான காரணம் பெரும்பாலும் பேரலுக்கு வெளியேதான் இருக்கும்: தளர்ந்த ஸ்க்ரூ, ஒத்துவராத பெல்லட் (ஈயக் குண்டு), இறுக்கிப் பிடிக்கும் கை. அவற்றை எந்த வரிசையில் சரிசெய்வது என்பதைத்தான் கீழே சொல்லியிருக்கிறோம். வரிசையை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போய்விடும்.

இது 4.5 மி.மீ. பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைபிளுக்கான வழிகாட்டி. காற்றை முன்பே அடைத்து வைக்கும் பி.சி.பி. ரைபிளில் உதை அநேகமாக இல்லை. அதற்கு 2, 3, 5, 6, 7, 10, 11 ஆகிய பகுதிகள் பெரும்பாலும் பொருந்தும்.

1. உதை எங்கிருந்து வருகிறது

கார்ட்ரிட்ஜ் துப்பாக்கியின் உதையில் ஒரு பங்கு, குண்டுக்குப் பின்னால் பீறிடும் வெடிமருந்து வாயுவால் வருவது. அந்த வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் உதை குறையும். முனையில் பிரேக் என்னும் துளையிட்ட குழாயை வைப்பதும் துளையிடுவதும் அங்கே பலன் தருவது அதனால்தான்.

ஸ்பிரிங் ரைபிளில் அப்படித் திருப்பிவிட வெடிமருந்து வாயு இல்லை; முனையில் வருவது கொஞ்சம் காற்றுதான். டிரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளும். ரைபிள் பின்னால் வரும். பிஸ்டன் தான் அழுத்திய காற்றிலேயே மோதி நிற்கும்போது ரைபிள் முன்னால் இழுபடும். ஆக ஒரே ஷாட்டில் பின்னுக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று என இரண்டு அசைவு. உதைப்பது பிஸ்டனின் எடைதான். முனையில் எத்தனை ஓட்டை போட்டாலும் பிஸ்டனுக்கு அது தெரியப்போவதில்லை.

இன்னொன்றும் முக்கியம். இந்த அசைவில் பெரும்பகுதி பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்குள் நடந்துவிடுகிறது. உதையை முழுக்க ஒழிக்க முடியாது. ஒவ்வொரு ஷாட்டிலும் அது ஒரே மாதிரி வந்தால் பெல்லட்டும் ஒரே இடத்தில் விழும். கீழே வரும் எல்லா வேலையும் அந்த ஒரே மாதிரித் தன்மைக்காகத்தான்.

2. பேரலும் சட்டமும்

ஆயுதச் சட்டம், 1959-இன் 6-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியின் பேரலைக் குட்டையாக்கக் கூடாது. ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றவும் கூடாது. ரிப்பேர் வேலைக்கும் 5-ஆம் பிரிவின் கீழ் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் பேரலில் எந்த வேலை இருந்தாலும் லைசென்ஸ் பெற்ற டீலரிடம்தான் கொடுக்க வேண்டும். லேத் பட்டறையில் கொடுத்தால் கொடுத்தவரும் மாட்டுவார், பட்டறைக்காரரும் மாட்டுவார்.

ஆயுத விதிகள், 2016-இன்படி 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு, மிகாத போரும் (பேரலின் உள்விட்டம்) 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் கொண்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. சக்தியைக் கணக்கிடுவது எளிது: கிலோவில் எடுத்த எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 8.6 ஜூல். முரட்டு ஸ்பிரிங் மாற்றிப் போட்டால் இந்த எண் ஏறும், உதையும் ஏறும். 10 மீட்டர் அட்டையில் துளை போட அந்தக் கூடுதல் சக்தியால் எந்தப் பயனும் இல்லை.

வாங்கிய பில்லைத் துப்பாக்கியோடு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது கேட்டால் போர் அளவைக் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், மடக்கும் ரைபிளில் பேரல்தான் லோடு செய்யும் நெம்புகோல். அதை 10 செ.மீ. வெட்டினால் மடக்கவே கூடுதல் பலம் வேண்டும். வெட்டிய முனை துல்லியமாக நேராகவும் பிசிறில்லாமலும் அமையாவிட்டால், பெல்லட்டின் பின்பாவாடை (பின்னால் விரிந்த மெல்லிய பகுதி) வெளியேறும் நொடியில் காற்று ஒரு பக்கமாகப் பீறிட்டு அதைச் சாய்த்துவிடும். இருந்த குறியும் போகும்.

3. சுடும் இடமும் சாமான்களும்

மொட்டை மாடியில் சுடுவதென்றால் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 4.5 மி.மீ. பெல்லட் திறந்த வெளியில் சில நூறு மீட்டர் போகும். வேலூர்ப் பக்கம் பலர் செய்யும் தவறு, கருங்கல் சுவரையோ பாறையையோ தடுப்பாக நினைப்பது. ஈயம் கல்லில் பட்டால் சிதறித் திரும்பும். 10 மீட்டரில் அது கண் வரை வரும்.

தடுப்புப் பெட்டிக்கு ஓர் அடி ஆழமுள்ள மரப்பெட்டி, அதன் பின்புறத்தில் 3 மி.மீ. இரும்புத் தகடு, உள்ளே நெருக்கமாகத் திணித்த பழைய துணி. டயர் ரப்பரை முன்பக்கம் வைக்காதீர்கள். கெட்டி ரப்பர் பெல்லட்டைத் திருப்பி எறியும். பெட்டி கனமாகிவிட்டால் துணியை உதறி ஈயத்தைத் தனியே எடுத்து வையுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

மற்ற சாமான்கள்: ஸ்க்ரூவின் வாயில் முழுசாக உட்காரும் ஸ்க்ரூ டிரைவர் அல்லது ஆலன் கீ, நீல நிற திரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை), பருத்தித் துணித் துண்டுகள், தூண்டில் நரம்பு, காது குடையும் பஞ்சுக் குச்சி, டிஷ்யூ பேப்பர், மறைப்பு டேப், மி.மீ. அளவுகோல், கண்ணைக் காக்கும் கண்ணாடி. நான்கு வகைப் பெல்லட் டப்பா வேண்டும். அதில் குறைந்தது இரண்டு டப்பா தட்டைத் தலையாக இருக்கட்டும்.

லோடு செய்யும்போது ஒரு கை பேரலை விடவே கூடாது. மடக்கிய நிலையில் டிரிகர் தவறி விழுந்தால் பேரல் எகிறி மூடும். இடையில் விரல் இருந்தால் நசுங்கும், பேரலும் வளையும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது. எதிர்க்கும் காற்று இல்லாததால் பிஸ்டன் நேராக இரும்பில் மோதும்.

4. முதலில் பிடி

பிடி ஷாட்டுக்கு ஷாட் மாறினால் அடுத்து எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. அதனால்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்பே இது.

முன் கட்டையை (பேரலுக்கு அடியில் வரும் மரப்பகுதி) இடது உள்ளங்கையின் மேல் சும்மா கிடத்துங்கள். விரல்களால் பற்ற வேண்டாம். அந்தக் கையின் பின்புறத்தை ஒரு தலையணை அல்லது மணல் பை மேல் வையுங்கள். கட்டையை நேராக மேசையிலோ செங்கல்லிலோ வைத்தால் ரைபிள் துள்ளி, குறி மேலே ஏறிவிடும். தோளில் லேசாகத் தொட்டால் போதும். கன்னமும் அப்படியே. வலக்கையின் பிடி, பாத்திரத்தைத் தூக்கும் அளவு மட்டும்.

இறுக்கிப் பிடித்தால் உதை அடங்கும் என்பது புதியவர்களின் நம்பிக்கை. கையின் இறுக்கம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். அதோடு சேர்ந்து அசைவும் மாறும், குரூப் விரியும். ரைபிளை அதன் போக்கில் ஓட விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் ஓடும்.

உள்ளங்கை எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. டிரிகர் காப்புக்குச் சற்று முன்னால் தொடங்கி, இரண்டு விரற்கடையாக முன்னே நகர்த்தி, மூன்று நான்கு இடங்களில் சுட்டுப் பாருங்கள். குரூப் இறுகும் இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். டிரிகரை அழுத்திய பின், பெல்லட் அட்டையில் படும் சத்தம் கேட்கும் வரை தலையைத் தூக்கக் கூடாது. ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் வெளியேற எடுக்கும் நேரம் அதிகம். அதற்குள் தலை எழுந்தால் குறியும் எழும்.

5. தொடக்க அளவு

10 மீட்டரை டேப் வைத்து அளங்கள். காலடிக் கணக்கு வேண்டாம். போட்டி அட்டையில் 10-ஆம் புள்ளி 0.5 மி.மீ. விட்டம், கறுப்பு வட்டம் 30.5 மி.மீ., வெளி வளையம் 45.5 மி.மீ. கெட்டி அட்டையில் தட்டைத் தலைப் பெல்லட் சுத்தமாக வெட்டும். கூர்தலை பேப்பரைக் கிழித்துத் துளையைச் சின்னதாகக் காட்டும்.

ஒரே அட்டையில் 10 குண்டு. ஐந்து குண்டு அதிர்ஷ்டத்தைக் காட்டும், பத்துதான் ரைபிளைக் காட்டும். அதிகத் தூரத்தில் உள்ள இரண்டு துளைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள். வந்த எண்ணைத் தேதி, நேரம், பெல்லட் பெயரோடு அட்டையின் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள். மூன்று அட்டை சுட்டால் நம்பலாம்.

சாதாரண ஸ்பிரிங் ரைபிள் இப்படிச் சாய்மானத்தில் 15 மி.மீ.க்குள் அடித்தால் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 30 மி.மீ.க்கு மேல் போனால் எங்கோ கோளாறு இருக்கிறது. கீழே தேடலாம்.

காலையிலேயே சுடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் பதினோரு மணிக்கு மேல் மாடித் தளத்திலிருந்து எழும் வெக்கையில் புள்ளியே நெளியும். கண்ணில் வியர்வை இறங்கும். அந்த அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

6. கட்டை ஸ்க்ரூக்கள்

முன் கட்டையில் இருபுறமும் ஒவ்வொன்று, டிரிகர் காப்பில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இரு திசை அதிர்வில் இவை தானாகத் தளரும். கோடையில் மரக்கட்டை காய்ந்து சுருங்குவதால் நம் பக்கம் இன்னும் சீக்கிரம் தளரும். தளர்ந்த கட்டைக்குள் ரைபிள் ஒவ்வொரு ஷாட்டிலும் வேறு வேறாக உட்காரும். குரூப் மேலும் கீழுமாகப் பிரிந்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

ஒவ்வொன்றாகக் கழற்றி, மரைகளில் உள்ள எண்ணெயைத் துடைத்து, ஒரு துளி நீல லாக்கர் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். எண்ணெய் இருந்தால் லாக்கர் பிடிக்காது. சிவப்பு லாக்கர் வேண்டாம். பிறகு சூடேற்றாமல் கழற்ற முடியாது. இடது, வலது என மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை முழுசாக இறுக்கினால் கட்டை கோணலாக உட்காரும்.

ஸ்க்ரூவின் தலை மரத்துக்குள் அமிழ்கிறது என்றால் அளவு மீறிவிட்டது. அடியில் ஒரு கப் வாஷர் வைத்துக் கொஞ்சம் தளர்த்துங்கள். லாக்கரை ராத்திரி முழுக்க உலரவிட்டு மறுநாள் சுட்டுப் பாருங்கள்.

7. ஸ்கோப் இருந்தால்

முன்னும் பின்னுமாக உதறும் ரைபிளில் சாதாரண ஸ்கோப் உள்ளேயே கலகலத்துப் போகும். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு என்று சொல்லி விற்பது மட்டும் தாங்கும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட் பின்னால் நகர்கிறதா என்று பார்க்க, மவுண்டின் முன் விளிம்பை ஒட்டி ரெயிலில் பென்சில் கோடு போடுங்கள். 50 ஷாட்டுக்குப் பின் கோட்டுக்கும் மவுண்டுக்கும் இடைவெளி தெரிந்தால் நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட் தேவை. 10 மீட்டருக்குத் தெளிவு கொண்டுவர முடியாத ஸ்கோப்பில் கண் நகர்ந்தால் புள்ளியும் நகரும். அதைவிடத் திறந்த சைட் மேல்.

8. பிரீச் சீலும் பிவட்டும்

பேரல் மூடும் இடமான பிரீச்சில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் இருக்கும்; அதுதான் பிரீச் சீல். அது தேய்ந்தால் காற்று கசியும், வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை போல நிற்க வேண்டிய காற்று குறைவதால் மோதலும் கடுமையாகும். உதை திடீரென முரடாகிவிட்டது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சோதனை: மூடிய இணைப்பின் மேல் டிஷ்யூ பேப்பர் கீற்றை வைத்துப் பாதுகாப்பான திசையில், பெல்லட்டோடு சுடுங்கள். கீற்று பறந்தால் கசிவு. ஓ-ரிங் இரும்பு மட்டத்துக்கு மேல், நகம் தடவினால் தட்டுப்படும் அளவு எழும்பி நிற்க வேண்டும். பழையதை மரக்குச்சியால் நெம்பி எடுங்கள். இரும்பு ஊசி பள்ளத்தைக் கீறும். பழைய ரிங்கையே கொண்டுபோனால் பம்பு, மோட்டார் ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் அதே அளவு கிடைக்கும். புதியது தாழ்ந்து உட்கார்ந்தால் அடியில் மெல்லிய பேப்பர் வளையம் வெட்டி வைக்கலாம்.

பேரல் மடங்கும் மூட்டான பிவட்டைப் பார்க்க, ரைபிளை லோடு செய்யும் நிலைக்கு மடக்கி, பேரலைக் கையில் பிடித்தபடி பிடியை மெல்லத் தளர்த்துங்கள். விட்ட கோணத்திலேயே நின்றால் சரி. தன் எடையில் தொங்கினால் பிவட் போல்ட் தளர்ச்சி. கால் சுற்றில் பாதி இறுக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் குரூப் இடவலமாக நீளும்.

9. தோல் வாஷர் உள்ள பழைய ரைபிள்கள்

வீட்டில் கிடக்கும் பழைய உள்நாட்டு ரைபிள் பலவற்றில் பிஸ்டன் முனையில் ரப்பருக்குப் பதில் தோல் வாஷர் இருக்கும். காய்ந்த தோல் சுருங்கிக் காற்றை விடும். ஷாட் சத்தம் 'டப்' என்பதிலிருந்து 'டங்' என்று மாறும். பிரீச்சைத் திறந்து, காற்று வரும் துளையில் இரண்டு துளி சிலிக்கான் எண்ணெய் விட்டு, முனை மேலே இருக்கும்படி ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். எண்ணெய் இறங்கித் தோலை ஊறவைக்கும்.

தையல் மெஷின் எண்ணெய், இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. அழுத்தத்தில் காற்று சூடாகும்போது எரியும் எண்ணெய் பற்றிக்கொள்ளும். புகையும் வெடிச்சத்தமும் வரும், ஸ்பிரிங் பாழாகும்.

வாஷரே கிழிந்திருந்தால் புதிதாக வெட்ட ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஷூ மேல்பாகத்துக்கான குரோம் தோலை வாங்கிவிடுகிறார்கள். அது மெத்தென்று இழுபடும், கிண்ண வடிவம் நிற்காது. பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத் தோல் என்று கேட்டு வாங்குங்கள். நனைத்து அச்சில் அழுத்திக் காயவைத்தால் வடிவம் அப்படியே நிற்கும். அதைப் பொருத்த ரைபிளைத் திறக்கும் வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. கிளாம்ப் இல்லாமல் பின் மூடியைக் கழற்றினால் அது முகத்துக்கு வரும்.

10. பேரல் சுத்தமும் முனையும்

குரூப் விரியாத வரை பேரலைச் சுத்தம் செய்யத் தேவையில்லை. செய்வதென்றால், தூண்டில் நரம்பை மடித்து, அதன் இரு நுனிகளையும் பிரீச் பக்கமிருந்து முனை வரை விட்டு, பிரீச்சில் நிற்கும் மடிப்பில் துணித் துண்டை மாட்டி, முனைப் பக்கமிருந்து இழுங்கள். பிரீச்சிலிருந்து முனைக்கு, எப்போதும் ஒரே திசை. இரும்புக் கம்பியை முனை வழியாக நுழைப்பவர்கள்தான் முனையைக் கெடுப்பவர்கள். பித்தளை பிரஷும் வேண்டாம். துணி ஓரளவு வெளுப்பாக வந்தால் நிறுத்திவிடலாம். அடுத்த 10, 20 ஷாட்டுக்குக் குறி அலையும். ஈயம் மறுபடி மெல்லப் படிந்ததும் அடங்கும். அதற்குள் "சுத்தம் செய்து கெடுத்துவிட்டேன்" என்று பதற வேண்டாம்.

முனையைப் பார்க்க, ரைபிள் லோடு ஆகவில்லை என்று உறுதி செய்துவிட்டு, பஞ்சுக் குச்சியை வாயின் உள்விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஞ்சு நார் ஓரிடத்தில் சிக்கினால் அங்கே பிசிறு. அதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம்; தயாரிப்பாளரின் சர்வீஸுக்கு அனுப்புவதே வழி.

11. பெல்லட் தேர்வு

செலவுக்குத் தகுந்த பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான். பலரும் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான். மிக லேசான பெல்லட் சட்டென ஓடிவிடுவதால் பிஸ்டனை நிறுத்தப் போதிய காற்று நிற்காது, அது மோதும். மிகக் கனமானது தாமதிப்பதால் பிஸ்டன் காற்றில் எகிறிப் பின்வாங்கும். இரண்டிலும் உதை முரடாகும். நடுத்தர சக்தி ரைபிளுக்கு 0.45 முதல் 0.55 கிராம் வரை தேடுங்கள்.

தலை விட்டம் 4.49, 4.50, 4.51, 4.52 என்று டப்பாவில் போட்டிருக்கும். கட்டைவிரலால் மிதமாகத் தள்ளினால் பின்பாவாடை விளிம்போடு சமமாக உட்கார வேண்டும். தானாக உள்ளே விழுவது காற்றை விடும். நகத்தால் குத்தித் தள்ள வேண்டியதன் பாவாடை நசுங்கும்.

வகை மாற்றியதும் முதல் 10 குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய ஈயம் போய்ப் புதியது படியட்டும். பிறகு ஒவ்வொரு வகைக்கும் இரண்டு அட்டை. பாவாடை நசுங்கியதை வெளிச்சத்தில் பார்த்து ஒதுக்குங்கள். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு கிடைத்தால் எடை பிரிக்கலாம். ஆனால் வகை முடிவாகும் முன் எடை பிரிப்பது வீண் வேலை.

12. எடை சேர்ப்பது

ரைபிளைத் திறக்காமல் உதையை நேரடியாகக் குறைக்கும் வழி இது. அதே பிஸ்டன் தள்ளும்போது கனமான ரைபிள் மெதுவாக அசையும். 3 கிலோ ரைபிளில் 300 கிராம் சேர்த்தால் அசையும் வேகம் சுமார் 9 சதவீதம் குறையும். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எடை கூடினால் 4-ஆம் பகுதியில் டேப் ஒட்டிய இடமும் மாறும்.

பின் தகட்டைக் கழற்றினால் பல கட்டைகளில் ஒரு குழி இருக்கும். ஈயக் குண்டுகளைத் துணிப்பையில் கட்டி, சுற்றிலும் நுரை திணித்து, ஆடாமல் அடையுங்கள். ஆடும் எடை இல்லாத எடையைவிட மோசம். நின்று சுடுபவருக்கு முன்பக்கம் கனம் இருந்தால் குறி அலைவது குறையும்; முன் கட்டையின் அடியில் 100 கிராமில் தொடங்குங்கள். போட்டிக்குப் போவதென்றால் 10 மீட்டர் ரைபிளுக்கு மொத்த வரம்பு 5.5 கிலோ. பேரல் முனையைத் தாண்டி நீட்டும் எதையும் மாட்ட வேண்டாம். பெல்லட் அதில் லேசாக உரசினாலும் போதும், எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

13. நன்றாக இருந்த குரூப் திடீரென விரிந்தால்

முதலில் கட்டை ஸ்க்ரூ. அடுத்து ஸ்கோப் மவுண்டின் பென்சில் கோடு. பிறகு டிஷ்யூ சோதனை, அதன்பின் பெல்லட் டப்பா: ஒரே பிராண்டிலேயே வேறு தொகுதி வந்திருக்கலாம், மூடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். இவை சரியாக இருந்தால் மட்டும் பேரல் சுத்தம்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மாற்றத்துக்கு முன் ஒரு அட்டை, பின் ஒரு அட்டை. மூன்றை ஒரே நாளில் மாற்றிவிட்டு "சரியாகிடுச்சு" என்பவர், அடுத்த கோடையில் கட்டை சுருங்கும்போது முதலிலிருந்து தேடுவார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உறையோடு மூடி வைத்தால் உறை ஈரம் இழுத்துத் துருப்பிடிக்கும். வியர்வைக் கை பட்ட இரும்பை எண்ணெய் தொட்ட துணியால் அன்றே துடைத்து, ஸ்பிரிங்கை விடுவித்த நிலையில், உறை இல்லாமல், பூட்டிய அலமாரியில் வையுங்கள். பெல்லட் வேறு பூட்டில் இருக்கட்டும்.